ஏழை வீட்டு நாய்

தேனியிலிருந்து கம்பம் செல்லும் பேருந்து வீரபாண்டியைத் தாண்டியிருந்தது. எனக்கு முன் இருக்கையில் இருந்த தேனிக்காரப் பெண், கம்பத்தில் வாழும் தன் அண்ணன் மனைவியிடம் சொன்னார்:

“மதினி, நாளைக்கு ஒரு நாள் நாயை எங்கயாச்சும் ஒளிச்சு வைங்க.”

“எதுக்குத்தா?”

“அரசாங்க வீடு கேட்டு எழுதிக் குடுத்திருக்கீக. பாக்க வர்றவுக வாசல்ல கோம்பைச் சாதி வேட்டை நாயைக் கண்டா, பண்ணையார் வீடுன்னு திரும்பிப் போயிருவாக.”

“உங்க தேனியிலயும் இப்படித்தான் சோதிச்சாகளா?”

“சோதிச்சுத்தான் மூணாவது மாடியில வீடு குடுத்தாக. எங்க ஆடு படியில தானா ஏறுது, இறங்க மாட்டேங்குது. தினமும் நாந்தான் தூக்கிட்டு இறங்குறேன்.”

“அம்புட்டு உசரத்துல இருந்துக்கிட்டு ஏழையாம்! எங்க கம்பத்து ஏழையெல்லாம் தரையிலதான் இருக்கோம்.”

“தரையில இருந்து என்ன செய்ய? களவு போக என்ன இருக்குன்னு காவலுக்கு நாய் வச்சிருக்கீகன்னு கேப்பாகளே?”

சின்னமனூரில் பேருந்து நின்றபோது மதினி சொன்னார்:

“அந்த நாய்தான் இருக்கு. அதை எவனும் களவாண்டுறக் கூடாதுன்னு அதுவே காவல் காக்குது.”

“அப்ப ஒளிக்க வேணாம் மதினி. இதையே அவுககிட்டயும் சொல்லுங்க. வீடு உங்களுக்குத்தான்.”