மொட்டைக் கடிதத்துக்கு மடுவத்தில் ஒட்டிய பதில்

இந்த மாலையின் தலைமையைத் தாங்கி, மூன்று பேச்சாளர்களைத் தாங்கி, நான்காவதாக என்னையும் தாங்க நேர்ந்திருக்கும் கோயில் கமிட்டித் தலைவர் நல்லமுத்து ஐயா அவர்களே, மேடையின் நடுவே வீற்றிருக்கும் எங்கள் தோட்டத்துத் துரை அவர்களே, துரைக்குப் பக்கத்தில் அமர்ந்து என் தமிழை அவர் காதில் சிங்களமாக்கிக்கொண்டிருக்கும் தம்பி றிஷாத் அவர்களே, பிள்ளைகள் எழுதப் பழகும் அறையான எழுத்துக்காம்பராவை நடத்தும் தங்கை ஜீவராணி அவர்களே, பெரியோர்களே, காலையில் பேர்கொடுக்கப் பெரட்டுக்கு நின்று, மாலையில் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, மதிலில் ஏறி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே: அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

எழுத்துக்காம்பராவுக்காக எடுக்கும் இந்த விழாவில் எனக்குத் தந்திருப்பது நன்றியுரை. "பெரிய கிளாக்கருக்கு நன்றி வருமா?" என்று பின்னால் யாரோ கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. எனக்கு இலகுவில் வராது. நான் ஒருவர்மேல் கோபம் வைத்தால் அதற்குத் தேதியும் வைத்திருப்பவன்.

ஆனால் இன்று நான் கோபத்தோடு வரவில்லை. ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன். எழுத்துக்காம்பராவை நடத்தும் இந்த இருவரும் யார்? பள்ளிக்கூடம் விட்டு வரும் நம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறார்கள். கதை எழுதச் சொல்கிறார்கள், கடிதம் எழுதச் சொல்கிறார்கள், கண்டதைக் கண்டபடி எழுதச் சொல்கிறார்கள். இதெல்லாம் நமக்குத் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. அதை நீங்களும் கேளுங்கள்.

எழுத்துக்காம்பரா நடக்கும் அந்த அறை ஒரு காலத்தில் பிள்ளைக்காம்பரா. மலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போன இடம். புதுக்கட்டடம் வந்ததும் அது சும்மா கிடந்தது. இருபத்தாறு வருடத்துக்கு முன் நான் பேராதனையில் பட்டம் பெற்று வந்து, வாசிகசாலை நடத்த அந்த அறையைக் கேட்டேன். அப்போதிருந்த துரை ஒரே வரியில் பதில் தந்தார்: "அறை தோட்டத் தேவைக்கு வேண்டும்." என்ன தேவை? உரமூட்டை அடுக்கும் தேவை. பட்டதாரிக்குக் கிடைக்காத அறை மூட்டைக்குக் கிடைத்தது. நான் கிளாக்கரானேன்.

மூன்று வருடத்துக்கு முன் இந்த ஜீவராணியும், பொகவந்தலாவை பஜாரில் இஸ்ஸதீன் ஹார்ட்வெயார் கடைப் பிள்ளையான இந்த றிஷாத்தும் ஒரு பக்கக் கடிதத்தோடு வந்தார்கள். ஒரு வாரத்தில் அனுமதி. அந்த அனுமதிக் கடிதத்தைத் தட்டச்சில் அடித்தவை இந்தக் கைகள்தான். வயிறு எரிந்ததா என்று கேட்கிறீர்களா? எரிந்தது.

இரண்டு மாதத்துக்கு முன் தோட்ட அலுவலகமான கந்தோருக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. அதில் நான்கு குற்றச்சாட்டு. கூரை ஒழுகுகிறது. கீழ் லயத்து வீடுகளின் பிள்ளைகள் துணையில்லாமல் தேயிலைக்குள் நடந்து திரும்புகிறார்கள். பரீட்சைக்கான சோதனைப் பாடம் போதாது. நான்காவது, நிர்வாகத்துக்கு எதிராக எழுதப் பிள்ளைகளைப் பழக்குகிறார்கள். துரை ஒரு பிரதியை எழுத்துக்காம்பராவுக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன்.

மொட்டைக் கடிதம் வந்தால் நாம் என்ன செய்வோம்? ஆளைத் தேடுவோம். எழுத்தை ஒப்பிடுவோம். இதே கோயில் சந்நிதியில் தேங்காய் உடைத்து, எழுதிய கை விளங்காமல் போகச் சொல்லிக் கேட்போம். இவர்கள் என்ன செய்தார்கள்? பதில் எழுதினார்கள். பேரில்லாத ஆளுக்கு எங்கே அனுப்புவது? கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒட்டினார்கள்.

"பெயர் எழுதாத அன்பருக்கு: உங்கள் முகவரி தெரியாததால், எல்லோரும் வந்துபோகும் இந்த இடத்தில் ஒட்டுகிறோம். கூரை ஒழுகுவது உண்மை. இரண்டு தகரம் மாற்றிவிட்டோம். பிள்ளைகள் தனியே போனதும் உண்மை. இப்போது றிஷாத் கூடப் போகிறார். சோதனைப் பாடம் குறைவென்பதும் உண்மை. செவ்வாயும் வியாழனும் கணிதம் தொடங்கியிருக்கிறோம். நான்காவதற்கு மட்டும் எங்களால் உதாரணம் கண்டுபிடிக்க முடியவில்லை. எங்கள் பெட்டியில் நானூறு கட்டுரைகள் இருக்கின்றன. நீங்கள் வந்து தேடித் தந்தால் உதவியாக இருக்கும்."

அதோ இருக்கிறாரே வேலாயி அக்கா, அவர் அன்று மடுவத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். "என்னாங்க கிளாக்கரையா இது? அடிச்சவன் கையப் புடிச்சி, வலிக்குதாப்பான்னு கேக்குற மாதிரியில்ல இருக்கு?" கொழுந்துப் புத்தகத்தைப் பார்ப்பதுபோல் நின்றேன்.

துரை என்னை விசாரணைக்கு அனுப்பினார். சனிக்கிழமை பின்னேரம் போனேன். வாசலில் பதினொரு வயதுப் பிள்ளை தனுஜா மறித்தாள். "செவப்புப் பேனா உள்ள வரக்கூடாதுங்க சேர். அந்த டப்பாவுல போட்டுட்டு வாங்க."

"நான் விசாரணைக்கு வந்திருக்கேன்."

"எல்லாருக்கும் இதாங்க சட்டம். உக்காந்து வாசிக்கணும். எழுதுனவங்ககிட்ட ஒரு கேள்வி கேக்கணும். பதில் தெரிஞ்ச கேள்வியக் கேக்கக்கூடாது."

தாய்மார்களே, சிரிக்கிறீர்கள். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. இருபத்தாறு வருடமாக, பதில் தெரிந்த கேள்விகளை மட்டுமே கேட்டு வாழ்ந்தவனை எங்கே நிறுத்திவிட்டது அந்தச் சட்டம்?

உட்கார்ந்தேன். வாசித்தேன். நான்காவதற்கு உதாரணம் தேடினேன். பிள்ளைகள் எழுதியிருந்தது காலில் ஏறும் அட்டையைப் பற்றி, பஸ்ஸைப் பற்றி, அப்பாவின் இருமலைப் பற்றி, ஹட்டன் ஸ்டேஷனில் தொலைந்த செருப்பைப் பற்றி. கடைசியில் ஒன்று அகப்பட்டது. "துரை பங்களாவில் பதினேழு ஜன்னல். எங்கள் காம்பராவில் ஒன்று. பதினேழு ஜன்னலில் துரை என்னென்ன பார்ப்பார்?" எழுதியவள் அதே தனுஜா. பிடித்துவிட்டேன் என்று உள்ளுக்குள் குதித்தேன். கூப்பிட்டுக் கேட்டேன்: "இது துரைக்கு எதிரா எழுதுனதா?"

"இல்லீங்க சேர். மேல இருந்து பாத்தா எங்க லயம் எப்படித் தெரியும்னு யோசிச்சேன். நீங்கதான் பங்களாவுக்குப் போவீங்களே, எந்த ஜன்னல்ல எங்க லயம் தெரியும்?"

இருபத்தாறு வருடம் கோப்புகளோடு அந்தப் பங்களாவுக்குப் போயிருக்கிறேன். ஒரு நாள், ஒரு ஜன்னலில், ஒரு நிமிடம் நான் நின்று பார்த்ததில்லை. "தெரியாது" என்றேன். அவள் அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

எழுந்து வரும்போது சுவரைப் பார்த்தேன். அங்கே அந்த மொட்டைக் கடிதம். பக்கமெல்லாம் பென்சில் கோடுகள், பிள்ளைகளின் குறிப்புகள். "இந்த வசனம் அழகாக இருக்கிறது." "மூன்று குறையையும் நேரில் பார்த்திருக்கிறார். நான்காவதைப் பார்க்கவில்லை." அடியில் ஒன்று: "இவ்வளவு நன்றாக எழுதுகிறவர் ஏன் பெயர் போடவில்லை?"

ஜீவராணியிடம் கேட்டேன். "யார் எழுதுனதுன்னு தேடிப் பாத்தீங்களா?"

"இல்லீங்க ஐயா. தேடுனா பிள்ளைங்க ஆளப் பாப்பாங்க, எழுத்தப் பாக்க மாட்டாங்க. நல்லா எழுதியிருக்காருங்க. அதான் பாடமா வச்சோம்."

சபையோரே, என் வாழ்நாளில் ஆயிரமாயிரம் கடிதம் எழுதியிருக்கிறேன். ஒருவராவது ஒன்றையாவது வரி விடாமல் வாசித்ததுண்டா? வாசித்தவர்கள் இவர்கள்தான். வாசிக்கப்பட்டது அந்த ஒன்றுதான். ஆம், அதை எழுதியவன் நான்.

பொறுங்கள். நல்லமுத்து ஐயா, என்னை முடிக்க விடுங்கள். றிஷாத் தம்பி, ஏன் நிறுத்திவிட்டீர்கள்? துரைக்குச் சொல்லுங்கள். மென்மையாக்க வேண்டாம்.

அதைவிடக் கேவலம் ஒன்றும் செய்தேன். விசாரணை அறிக்கையில் "நான்காவது பற்றி முடிவு கூற இயலவில்லை" என்று எழுதினேன். பொய்யென்று தெரிந்தும் அப்படி எழுதினேன். அந்த வரியை நம்பித்தான் துரை, வரும் வெள்ளிக்கிழமை அறையின் சாவியை ஒப்படைக்கச் சொன்னார். இந்த விழா பிரியாவிடையாகிப் போனது அந்த ஒரு வரியால். இருபத்தாறு வருடத்துக்கு முன் ஒரு வரி என்னை வெளியே நிறுத்தியது. அதே அறைக்கு வெளியே அறுபது பிள்ளைகளை நிறுத்த நானும் ஒரு வரி எழுதினேன்.

என் கோபம் போய்விட்டதென்று நினைக்காதீர்கள். அந்த அறை எனக்குக் கிடைத்திருக்க வேண்டும். அதை யாரிடமும் சொல்வேன். ஆனால் குற்றம் சொன்னவனிடம் மேலும் விவரம் கேட்கிற இந்த மனிதர்கள் எங்கே கற்றார்கள் இதை? எனக்கு இன்னும் விளங்கவில்லை. விளங்கும்வரை அங்கே போய் உட்காரலாமென்றிருக்கிறேன், அவர்கள் விட்டால்.

இதோ அந்தக் கடிதத்தின் மூலப்பிரதி. நான்காவது குற்றச்சாட்டை உங்கள் முன்னிலையில் வெட்டுகிறேன். கீழே எழுதுகிறேன்: அழகன் மகன் பழனியாண்டி, பெரிய கிளாக்கர். துரை அவர்களே, என்மேல் எடுக்கும் நடவடிக்கையை எடுங்கள். சாவியை மட்டும் அவர்களிடமே விடுங்கள்.

தனுஜா, மதிலில்தான் இருக்கிறாயா? நேற்றுப் பங்களாவுக்குப் போனேன் அம்மா. மேற்குப் பக்கம், மூன்றாவது ஜன்னல். உங்கள் லயத்தின் கூரை தெரிகிறது. அதற்கு மேலே எழுத்துக்காம்பராவின் கதவும் தெரிகிறது, புதுத் தகரம் இரண்டும் தெரிகின்றன. துரை அவர்களே, சாவியைப் பற்றி நாளைக் காலை பதில் சொல்லுமுன் அந்த ஜன்னலில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

தலைவருக்கு நன்றி, தாய்மார்களுக்கு நன்றி, மொழிபெயர்த்த தம்பிக்கு நன்றி, என்னை வாசித்தவர்களுக்கு நன்றி. பெயரோடு நின்று உங்களை வணங்குகிறேன். வணக்கம்.