ஏழு பெண்பார்த்தலும் ஒரு நிச்சயதார்த்தமும்

பிரணவுக்கு மஞ்சள் சட்டை நன்றாகவே இருக்கும். ஆனால் பெண் பார்க்கப் போகிற அன்றைக்கு மட்டும் அதைப் போட வேண்டாம், அந்தப் பழுப்புக் கட்டம் போட்டதே போதும் என்று சொன்னது நான்தான், மேடம். உங்கள் பட்டியலில் இருக்கும் எட்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் முன்னால் நடந்தது அது. ஆனாலும் அதிலிருந்து ஆரம்பித்தால்தான் சரியாக வரும்.

தமிழில் எழுதலாமா என்று கேட்டதும் சம்மதித்தீர்கள், நன்றி. மலையாளத்தில் எனக்குப் பரீட்சை எழுத வரும். மனதில் இருப்பதை எழுத வராது.

நானும் பிரணவும் ஐந்து வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் நிறுவனம். நர்ஸ்களும் டாக்டர்களும் பார்க்கிற திரைகள் எங்கள் வேலை. இப்போதெல்லாம் யாரும் ஒரு திரையை முழுசாகச் செய்வதில்லை. பட்டன் ஒரு துண்டு, தேதி கேட்கும் பெட்டி ஒரு துண்டு, நோயாளியின் விவரம் காட்டும் அட்டை ஒரு துண்டு. செய்து வைத்துக்கொண்டு வேண்டிய இடத்தில் பொருத்துவோம். தனியாக வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் லட்சணமாக இருக்கும். நாலு பேர் நடுவில் கொண்டு வைத்தால்தான் குணம் தெரியும். ஒன்று இடத்தை அடைத்துக்கொள்ளும், ஒன்று கோபித்துக்கொண்டு மூலைக்குப் போகும், ஒன்று இன்னொன்றின் மேல் ஏறி உட்காரும். குடும்பம் மாதிரிதான்.

அப்படி ஒன்று கலைந்தால் மற்றவர்கள் மேலே இன்னொரு நிரல் வரி எழுதி அதை அமுக்கிவிடுவார்கள். பிரணவ் அப்படிச் செய்ய மாட்டார். அந்தத் துண்டின் நிறம், அளவு, இடம் சொல்லும் வரிகளை எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார். எடுப்பார், திரையைப் புதுப்பிப்பார், பார்ப்பார், திரும்ப வைப்பார். தப்புச் செய்த வரி கிடைத்ததும், "ஆ, நீயாடா" என்பார். கோபமே இருக்காது. தொலைந்த பிள்ளையைப் பந்தலில் கண்டுபிடித்தது மாதிரி இருக்கும் அந்தக் குரல். அதைக் கேட்டுக்கொண்டே வாழ்ந்துவிடலாம் என்று நான் முடிவு செய்தது என் இருபத்தாறாவது வயதில்.

எங்கள் ஜாதகத்தை ஒருமுறை பார்த்தார்கள். அவர் அம்மா விஜயம் மாமிதான் கேட்டு வாங்கினார். ஒரு வாரம் கழித்து வலியசாலைக் கோவில் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பத்துக்கு மூணுதான்டி பொருந்தறது ஸ்நேகா. போறது போ. நீ எங்காத்துப் பொண்ணாட்டமே இருந்துட்டுப் போயேன். இவனுக்கு நல்ல எடமாப் பாக்கணும், நீயும் கூடமாட இருந்து சொல்லு" என்றார்.

மறுநாள் ஆபீஸில் பிரணவ், "மூணு மார்க்கா? ஸ்கூல்ல கணக்குல இதவிட நன்னா வாங்கியிருப்பியே" என்று கேலி செய்தார். நானும் சிரித்தேன். அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆண்கள் இந்த விஷயங்களை மெதுவாகத்தான் உணர்கிறார்கள். கொஞ்சம் கால அவகாசம் கொடுக்க வேண்டும். அந்த அவகாசத்தைத்தான் நான் ஏற்பாடு செய்தேன்.

எப்படி என்று கேட்டீர்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் அதன் நிறம், எழுத்தின் அளவு, இடைவெளி இதெல்லாம் சொல்லும் ஒரு கோப்பு உண்டு. அது என் பொறுப்பு. அதில் ஒரு வரி சேர்த்தால் யாரும் சரிபார்க்க வேண்டியதில்லை, அடுத்து யார் திரையைத் திறந்தாலும் அமலுக்கு வந்துவிடும். அலங்காரம்தானே என்று விட்டுவைத்திருந்தார்கள். துண்டுகளைச் செய்தவர் பிரணவ் என்பதால், எது கலைந்தாலும் போன் அவருக்குப் போகும்.

முதல் பெண் வலியசாலையிலேயே, அவர்கள் வீட்டிலிருந்து ஐந்தாவது வீடு. ஞாயிறு மாலை நாலு மணிக்கு என்று அவரே சொல்லியிருந்தார். நாலு பத்துக்கு, நர்ஸ்கள் மருந்து கொடுத்ததும் அழுத்தும் பட்டன் திரையின் கீழ்ப்பட்டைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. நாலு பன்னிரண்டுக்கு அவருக்கு போன். மீதியை விஜயம் மாமி எனக்குச் சொன்னபடியே எழுதுகிறேன்.

"பொட்டியத் தெறந்து மடில வச்சுண்டு ஒக்காந்துட்டான்டி. அந்தப் பொண்ணு காப்பி எடுத்துண்டு வந்து நிக்கறா. நிமிந்துகூடப் பாக்கல, 'அங்க வச்சுடுங்கோ'ங்கறான். ஓட்டல்ல சர்வர்கிட்ட சொல்றாப்ல. அவ அப்பா என்னப் பாக்கறார், நான் பஜ்ஜியப் பாக்கறேன்."

நாங்கள் இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். நல்ல மனுஷி, மேடம். அவரை இதில் எதுவும் கேட்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரணவ் வேலை செய்யும்போது போனில் என்னிடம் ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டே போவார். அவர் ஏதாவது ஒன்றை எடுக்கும் நேரம் பார்த்து நான் என் வரியை எடுத்துவிடுவேன். பட்டன் வந்து நிற்கும். தான் எடுத்த வரிதான் தப்பு என்று நினைத்து, "ஆ, நீயாடா" என்பார். எட்டுத் தடவையில் ஒருமுறைகூட நான் அவரைத் தோற்க விட்டதில்லை.

இரண்டாவது, மூன்றாவது, நாலாவது எல்லாம் இதே மாதிரி. ஐந்தாவது பெண் வித்துராவில், எஸ்டேட் டாக்டர் ஒருவரின் மகள். அங்கே போனில் பேசலாம், நெட் கிடைக்காது. அவர் காரை எடுத்துக்கொண்டு நெடுமங்காடு வரைக்கும் திரும்பி வந்து, ஒரு பேக்கரி வாசலில் உட்கார்ந்து சரிசெய்தார். மாமியும் மாமாவும் அந்த வீட்டில் ஒன்றரை மணி நேரம் தேயிலையின் வகைகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். ஆறாவது வீட்டார் வர வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவிட்டார்கள். அதற்குள் ஊரில் பேர் பரவியிருந்தது. ஆனாலும் வரியைச் சேர்த்துவிட்டேன். பழக்கம்.

ஏழாவது பெண்ணின் பெயர் சாய். கரமனையில் நான் இருக்கும் தெருவுக்கு அடுத்த தெரு. பிசியோதெரபி செய்கிறாள். அன்றும் வழக்கம்போலத் தேதிப் பெட்டியைக் கலைத்தேன். வழக்கம்போல அவர் போனில் வரிகளைச் சொல்ல ஆரம்பித்தார். அப்போது பக்கத்தில் ஒரு பெண் குரல் கேட்டது.

"இத எடுத்தா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. பக்கத்துல இருக்கறது நகரும்."

"அப்போ இது இல்ல. கீழ போங்கோ. கொஞ்சம் தள்ளி ஒக்காருங்கோ, எனக்குத் தெரியல."

நான் என் வரியை எடுக்காமல் இருபது நிமிடம் வைத்திருந்தேன், இரண்டு பேருக்கும் சலிக்கட்டும் என்று. தப்பாகப் போய்விட்டது. அவர்கள் சிரித்துக்கொண்டே தேடினார்கள். கடைசியில் எடுத்தேன். அன்றைக்கு "ஆ, நீயாடா" என்று சொன்னது அந்தப் பெண்.

மறுநாள் பிரணவ், "சாய் ஒரு ஆளு கேட்டியா. பஜ்ஜி தின்னுண்டே கண்டுபிடிச்சுட்டா" என்றார். அன்று அவர் மஞ்சள் சட்டை போட்டிருந்தார். பொருத்தம் பத்துக்கு எட்டு என்று மாமி போன் செய்து சொன்னார்.

நிச்சயதார்த்தம் சித்திரை மாதத்தில், ஞாயிறு பத்தரை மணிக்கு, கரமனையில் ஒரு மண்டபம். இந்தத் தடவை மாமி ஏமாறவில்லை. லேப்டாப் ஆபீஸ் மேஜைக்குள் பூட்டியிருக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கினார். அழைப்பு வந்தால் பார்க்கும் பொறுப்பை பிரணவ் எங்கள் டீம் லீடர் ஷிஜியிடம் கொடுத்தார். ஷிஜி பாறசாலைப் பக்கத்துக்காரி, பாதி மலையாளம் கலந்த பேச்சே ஒரு தனி ரகம்.

"ஒண்ணாம் நிலை வந்தா மட்டும் விளிப்பேன், மக்கா. மற்றது எதுக்கும் ஒன்ன சல்லியப்படுத்த மாட்டேன். போயி மோதிரத்தப் போடு" என்றாள்.

ஒன்றாம் நிலை என்றால் நோயாளியின் உயிருக்கு ஆபத்து வரக்கூடிய கோளாறு. ஐந்து வருடத்தில் ஒன்றுகூட வந்ததில்லை. பட்டனோ தேதிப் பெட்டியோ அந்த வகையில் சேராது.

நோயாளியின் அட்டையில் பெயர், வயது, வார்டு இவற்றுக்குக் கீழே ஒரு சிவப்புப் பட்டை வரும். எந்த மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று அதில் இருக்கும். ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதும் இல்லாதவர்களுக்குப் பட்டையே வராது. பத்து நாற்பதுக்கு அந்தப் பட்டையை அட்டைக்குப் பின்னால் ஒரு அடுக்கு தள்ளி வைத்தேன். ஒரே ஒரு வரி. அட்டையின் வெள்ளை அதை மூடிக்கொண்டது. பார்க்க மிகவும் சுத்தமாக இருந்தது.

அன்று நானே கேட்டு வாங்கி ஷிஜியோடு டியூட்டியில் இருந்தேன். நிச்சயதார்த்தத்துக்கு ஏன் வரவில்லை என்று மாமி கோபித்துக்கொண்டார். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு பொரியலும் இரண்டு பேருக்குக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். பதினொன்றுக்குள் போன் வரும், பதினொன்றே முக்காலுக்கு அவர் பக்கத்து நாற்காலியில் இருப்பார், பன்னிரண்டுக்கு எல்லாம் சரியாகிவிடும், நல்ல நேரம் தப்பிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

என் வேலையில் எனக்கு நல்ல பெயர் உண்டு, ஆனால் அங்கே ஒன்றை யோசிக்காமல் விட்டேன். பட்டன் காணாமல் போனால் நர்ஸ் உடனே கூப்பிடுவாள், அவளுக்கு அது வேண்டும். பட்டை காணாமல் போனால் யாரும் கூப்பிட மாட்டார்கள். பட்டை இல்லாத அட்டை, எல்லா மருந்தும் ஒத்துக்கொள்ளும் ஒருவரின் அட்டை மாதிரியே இருக்கிறது.

பகவதிப்பெருமாள் என்பவர் காலில் ஓடு குத்திய காயத்தோடு வந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது. பெனிசிலின் ஆகாது என்று அவர் மகள் சேர்க்கும்போதே சொல்லி, அது பதிவாகியும் இருந்தது. பதினொன்று ஐம்பதுக்கு ஊசி போட்டார்கள். பன்னிரண்டு இருபதுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஷிஜி உடனே பிரணவைக் கூப்பிட்டாள்.

"பிரணவே, நீ வராம பற்றாது, வந்தே ஆகணும். ஒண்ணாம் நிலை."

பட்டு வேஷ்டியும் நெற்றியில் சந்தனமுமாக ஓடி வந்தார். மாப்பிள்ளைக் கோலம் அவருக்கு எவ்வளவு பொருந்தியது என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். மண்டபத்தில் பத்திரிகை வாசிப்பது இழுத்துக்கொண்டே போனதில் மோதிரம் இன்னும் மாற்றியிருக்கவில்லை. வரிகளை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தார். பதினோராவது நிமிடம், இரண்டு வாரத்துக்கு முன்னால் அவரே எழுதிய ஒன்றை எடுத்தார். நான் என்னுடையதை எடுத்தேன். சிவப்பு வந்தது. அவர் தான் எழுதிய அந்த வரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பகவதிப்பெருமாள் புதன்கிழமை இறந்துபோனார். மிகவும் வருத்தமான விஷயம்.

தப்பு முழுக்கத் தன்னுடையது என்று பிரணவ் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டார். சாய் இரண்டு முறை வீட்டுக்கு வந்து பார்த்தாள், நல்ல பெண். இனி வர வேண்டாம் என்று அவரேதான் சொன்னார். நான் யாரையும் எதுவும் சொல்லவில்லை. தினமும் சாப்பாடு கொண்டுபோனேன், அவ்வளவுதான். நாலு மாதம் போனதும் விஜயம் மாமி, "ஜாதகம் கெடக்கட்டும்டி. அவன் ஒன் கையாலதான் ரெண்டு வாய் சாப்பிடறான்" என்று அழுதார். ஆவணியில் கல்யாணம். எளிமையாக, வீட்டு மனிதர்களோடு.

எங்களுக்குள் ஒரு சண்டைகூட வந்ததில்லை, மேடம். அவர் இப்போது எங்கேயும் போவதில்லை. கம்ப்யூட்டரைத் தொடுவதில்லை. அதிகம் பேசுவதில்லை. நாள் முழுக்க என் பக்கத்தில்தான் இருக்கிறார். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைக்கும் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள்.

பகவதிப்பெருமாளின் மகள் இவ்வளவு நாள் விடாமல் அலைந்து என் பொறுப்பில் இருந்த அந்தக் கோப்பின் பழைய பதிவுகளை எல்லாம் எடுக்க வைப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதில் எட்டுத் தேதியும் என் பெயரும் இருக்கும்போது மறுப்பதில் அர்த்தமில்லை. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் நிம்மதியாகவும் இருக்கிறது. பிரணவ் வெளியே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்றீர்கள். நான் முடித்ததும் இதை அவரிடம் படிக்கக் கொடுங்கள். அந்த வரி அவருடையது இல்லை என்று தெரிந்தால் அவர் மனம் லேசாகும். இதை அவருக்காகத்தான் எழுதுகிறேன்.

இனி நீங்கள் கடைசியில் கேட்ட இரண்டு கேள்விகள்.

அந்தச் சிவப்புப் பட்டை எதற்கு என்று தெரிந்துதான் மறைத்தேனா என்பது முதலாவது. தெரிந்துதான். வேறு எதற்கும் அன்று அவரைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

பத்து நாற்பதிலிருந்து ஊசி போடும் வரைக்கும் எழுபது நிமிடம் இருக்கிறதே, யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்தும் ஏன் எடுக்கவில்லை என்பது இரண்டாவது. எத்தனை அட்டைகள் திறக்கப்படுகின்றன என்று என் திரையில் தெரியும். பதினேழு அட்டைகள் திறந்தார்கள். ஒவ்வொரு முறையும் போனைப் பார்த்தேன். ஒரு வரியை எடுக்க ஒரு நொடிகூட ஆகாது, நீங்கள் சொல்வது சரிதான்.

ஆனால் அவர் இன்னும் வரவில்லையே, மேடம்.