பொட்டு வைத்த கெப்பாசிட்டர்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை. சொன்ன அளவில் சொன்னது இருக்கவேண்டும் என்று நினைக்கிறவன் நான், அவ்வளவுதான். எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, நிதானமாகவே சொல்கிறேன்.

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் என் பட்டறை. விசைத்தறிகளுக்குப் பவர் சப்ளை பெட்டி செய்கிறோம். நூல் அறுந்தால் தறியை நிறுத்துகிற சென்சாருக்கு இருபத்து நாலு வோல்ட் கொடுக்கிற பெட்டி. கரண்ட் வருகிற பக்கத்துக்கும் வெளியே போகிற பக்கத்துக்கும் நடுவே கம்பித் தொடர்பே கிடையாது. தறி ஓட்டுகிறவர் தெரியாமல் வெளிவயரைத் தொட்டாலும் உயிருக்குப் பயமில்லை. என் தொழிலில் உயிருக்குத்தான் முதல் மரியாதை.

உள்ளே டிரான்ஸ்பார்மர் கரண்டை விட்டுவிட்டுத்தான் தள்ளும். அதை வாங்கிச் சீராக்கி அனுப்புவது கடைசியில் நிற்கிற கெப்பாசிட்டர். சுண்டுவிரல் பருமன்தான், ஆனால் மொத்தப் பெட்டியின் பேரும் அதை நம்பித்தான் இருக்கிறது. எதைப் போடுவது என்று தேர்ந்தெடுப்பது நான். அளவு சரி, வோல்ட் சரி, பெட்டிக்குள் அடங்குகிற ஒல்லி. பார்த்து முடித்ததும் அதன் தலையில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைப்பேன். பொட்டு வைத்ததை யாரும் கழற்றக் கூடாது. பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம் அது.

சட்டத்தைச் சொல்லியும் கொடுப்பேன். சால்டரிங் செய்கிற இசக்கிச்செல்வி ஒருமுறை பிளஸ் மைனஸை மாற்றி வைத்துவிட்டாள், கெப்பாசிட்டர் வெடித்தது. அவள் மணிக்கட்டைப் பிடித்துச் சால்டரிங் அயனை அதன்மேல் வைத்தேன், தோல் கருகுகிற வாசம் வரும்வரை. அதற்கப்புறம் அவள் தப்பே செய்ததில்லை. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பார்கள். வேண்டுமானால் அவளைக் கேளுங்கள், அவளே சொல்வாள். சொல்லவில்லையென்றால் நான் கேட்கிறேன்.

லிங்கேஷுக்கு ஊர் பனவடலிசத்திரம். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், பல வருஷமாக என்னோடு இருந்தவன். பெட்டிகளைத் தறிக்கூடங்களில் மாட்டுவதும் பழுது பார்ப்பதும் அவன் வேலை.

இந்தக் கோடையில் பெட்டிகள் திரும்பி வந்தன. பிரித்தால் கெப்பாசிட்டரின் தலை உப்பியிருக்கும். உங்கள் லைனில்தான் கோளாறு என்று தறிக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினேன். என் மேஜையில் எல்லாம் நன்றாகத்தானே ஓடின. கொஞ்ச நாளில் வருவது நின்றுவிட்டது. நான் சொன்னதுதான் சரி என்று இருந்தேன்.

போன வாரம் கடைத்தெருவில் தறி முதலாளி மைதீன் பாட்சா என்னைப் பிடித்துக்கொண்டார். “இப்பதாம்வே உம்ம பெட்டி நல்லா ஓடுது. லிங்கேஷ் வந்து உள்ள என்னத்தையோ மாத்துனாம்லா, அதுல இருந்து ஒரு கொறையும் இல்ல.”

பாராட்டித்தான் சொன்னார். கூட நின்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

பட்டறைக்கு வந்து, அனுப்பத் தயாராக இருந்த ஒரு பெட்டியைப் பிரித்தேன். உள்ளே தடிமனான வேறு கெப்பாசிட்டர், சூடு தாங்குவதற்கென்றே செய்த ரகம். சாய்த்துப் படுக்கவைத்து எப்படியோ அடக்கியிருந்தான். அதன் தலையில் சிவப்புப் பொட்டு. நான் வைக்காத பொட்டு.

இசக்கிச்செல்வியை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு அவனைக் கூப்பிட்டேன்.

“கோவப்படாதீங்க அண்ணாச்சி,” என்றான். “நீங்க போட்டது தறிக்கூடத்துச் சூட்டுக்குத் தாங்கல. அளவு மட்டும் பாத்தாப் பத்தாது, அது எவ்வளவு கரண்ட வாங்கி விடும்னும் பாக்கணும்லா. நான் யாருட்டயும் சொல்லல. உங்க பேரு கெடக்கூடாதுன்னுதான் பொட்டக்கூட உங்கள மாதிரியே வச்சிட்டேன்.”

அவன் குத்திக்காட்டவில்லை. பெரிய மனுஷனின் வேட்டி அவிழ்ந்திருப்பதைப் பார்த்தவன் காதோரம் வந்து சொல்வது மாதிரி சொன்னான். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. திட்டியிருந்தால் மன்னித்திருப்பேன்.

மேஜையில் பழைய இரும்பு டிரான்ஸ்பார்மர் ஒன்று கிடந்தது. அதை எடுத்து அவன் காதுக்கு மேலே அடித்தேன். கையைத் தூக்கித் தடுத்தான், அடுத்த அடியில் விரல்கள் ஒடிந்தன. விழுந்தபிறகு நெற்றியில் அடித்தேன். எலும்பு உள்ளே இறங்கியது என் கைக்குத் தெரிந்தது. “பிள்ளைய” என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தான். மறுபடியும் அடித்ததில் வாய் நின்றுவிட்டது.

மூச்சு இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆஸ்பத்திரியும் பக்கத்தில்தான், ஒரு ஆட்டோ பிடித்திருந்தால் போதும். ஆனால் சால்டரிங் அயன் சூடாக இருந்தது. அவன் வைத்ததைக் கழற்றினேன். என்னுடையதை வைத்துப் பற்றவைத்துப் பொட்டு வைத்தேன். நெயில் பாலிஷ் காய்வதற்குள் அவன் அடங்கிவிட்டான்.

நான்தான் கொன்றேன் ஐயா, அதை மறுக்கவில்லை. ஆனால் என் தேர்வில் தப்பில்லை என்பதையும் கீழே எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் எடுத்து வந்திருக்கிற அந்தப் பெட்டியை இங்கேயே ஓட்டிப் பாருங்கள், வருஷக்கணக்கில் ஓடும். ஃபேனுக்கு அடியில் மட்டும் வையுங்கள்.