லாரி வரைக்கும் ஒரு டோசர்

பழைய டீசல் வண்டி வாங்கப் போனால் முதலில் இன்ஜின்மேல் கை வைத்துப் பாருங்கள், சார். சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து, புகையெல்லாம் போக்கி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எங்கள் புல்டோசர் அப்படி யாரையும் ஏமாற்றவில்லை. வித்துராவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பதினோரு வருடம் அசையாமல் நின்றது. சக்கரத்துக்குப் பதிலாக உள்ள செயினில் கொடி படர்ந்திருந்தது. சீட்டுக்கு அடியில் ஒரு கீரி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

எங்கள் என்றால் எனக்கும் சஜிக்கும். சஜி என் தங்கை ஜிஜியின் கணவன், ஜேசிபி ஓட்டுகிறவன். மச்சானான என்னை 'அளியா' என்றுதான் கூப்பிடுவான். நான் சந்தைக்குப் பின்னால் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். மெக்கானிக் ஞானசிகாமணி என்றால் யாரும் காட்டுவார்கள். நான் ரிப்பேர் செய்வது, ஓடியதும் இருவருமாக வேலைக்கு விடுவது என்று பேச்சு.

தோட்டத்திலேயே வைத்து ரிப்பேர் செய்யப் பதினான்கு மாதம் ஆயிற்று. பிஸ்டன் துருவேறி ஒட்டியிருந்தது. ஒரு மாதம் டீசலில் ஊறப்போட்டுத்தான் இறக்கினேன். கிளட்ச் பிளேட்டுக்காகக் கோயம்புத்தூர் வரை அலைந்தேன். "கெடக்கதுக்கு மட்டும் எதுக்கு வீட்டுக்கு வாறிய? பாயையும் அங்கயே கொண்டு போங்க" என்றாள் என் மனைவி தாசம்மாள். அவள் சொன்னதில் தப்பில்லை. அது முதல் தடவை உறுமியபோது நான் அழுதேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மூன்றாம் நாள் காலையில் சஜி பழைய இரும்பு எடுக்கும் லாரியோடு வந்தான்.

"அளியா, கிரேன் இந்த ஏத்தத்துல வராது. லாரி வரைக்கும் தானா ஓடணும்னுதான் உன்ன வச்சு ரிப்பேர் பண்ணுனது. பின்னே எதுக்குன்னு நெனச்சே?" என்றான்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். வண்டியை வாங்குவதற்கு முன்பே பழைய இரும்பு வியாபாரியிடம் பேசி முடித்திருந்தானாம்.

நான் ஓட்ட மாட்டேன் என்றேன். "வேண்டாம். பன்னெண்டு வருஷமா வண்டி ஓட்டுதேன், எனக்கறியாததா?" என்று ஏறி உட்கார்ந்தான்.

செயின் வண்டிக்கு ஸ்டியரிங் கிடையாது சார், இரண்டு லிவர்தான். சமதரையில் இடது லிவரை இழுத்தால் இடப்பக்கம் திரும்பும். செங்குத்தான இறக்கத்தில் அதையே இழுத்தால் வலப்பக்கம் போகும். இன்ஜின் பிடி விட்டதும் இடது செயின் தானாக முந்தி ஓடும். டோசர் ஓட்டியவனுக்கு இது பாலபாடம். ஜேசிபிக்காரனுக்குத் தெரியாது. தோட்டத்திலிருந்து லாரி நின்ற இடத்துக்கு இறங்கும் பாதை பாதி இறக்கத்தில் இடப்பக்கம் வளைகிறது. வலப்பக்கம் தோடு, ஓடை பாயும் முப்பதடிப் பள்ளம்.

நான் சொல்லவில்லை. பன்னிரண்டு வருட அனுபவக்காரனுக்கு ஒர்க்‌ஷாப்காரன் பாடம் எடுப்பதா? வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு எந்தச் சட்டத்தில் தண்டனை என்று நீங்களே புரட்டிப் பாருங்கள். பிரேக்கை மிதித்திருந்தால்கூட நின்றிருக்கும், நான் போட்ட பிரேக் அது. பதறியவனுக்குக் காலே ஞாபகம் வராது.

வண்டி பள்ளத்தில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. நான் இறங்கிப் போய் முதலில் இன்ஜினை நிறுத்தினேன். சாய்ந்து கிடக்கும்போது ஆயில் ஏறாது, பேரிங் போய்விடும். அப்புறம்தான் சஜியைப் பார்த்தேன். பார்க்க அதிகம் இல்லை.

எனக்கு வருத்தமில்லை. ஜிஜியை நினைத்தால் மட்டும் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. அடக்கம் முடிந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு ஒரு வார்த்தை உங்கிட்ட கேட்டிருந்தா பொழைச்சிருப்பாரு, இல்லியா அண்ணா?" என்றாள். அவள் தலையைத் தடவிவிட்டு வந்துவிட்டேன். உங்களுக்குச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

கேட்டான். வண்டி வலப்பக்கம் இழுக்கத் தொடங்கியதும் என்னைத் திரும்பிப் பார்த்து, "அளியா, எந்த லிவரு?" என்று கத்தினான். இன்ஜின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்று லாரிக்காரன் உங்களிடம் சொன்னானாம். சஜிக்குக் கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் இரண்டு கையையும் வாயருகே குவித்துச் சொன்னேன்: "இடதுதான். இன்னும் இழு."