ஐந்து வருடம் ஒளித்த வருத்தம்

மானிப்பாயிலிருந்து யாழ்ப்பாணம் போன பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் ஒரு பெண்ணும் அவளுடைய தமையனும் இருந்தார்கள். அவர் தண்ணீர்ப் போத்தலை எடுக்க, பையிலிருந்து ஒரு மருந்துக் குளிசை அட்டை விழுந்தது. அவள் அதை எடுத்துப் பார்த்தாள்.

"அண்ணை, இது என்ரை குளிசையெல்லோ?"

"இல்லை, என்ரை. ஐஞ்சு வரியமாப் போடுறன்."

"உங்களுக்கும் பித்தக்குழாய் வருத்தமோ?"

"ஓம்."

அவளுடைய குரல் உயர்ந்தது. "ரண்டு வரியமா மேல் கடிச்சு, சொறிஞ்சு சொறிஞ்சு புண்ணாக்கினன். தோல் வருத்தமெண்டு நினைச்சுப் பூசாத மருந்தில்லை. குடும்பத்திலை ஆருக்கும் ஈரல் வருத்தம் இருக்கோ எண்டு டொக்டர் கேக்கேக்கை, பக்கத்திலை இருந்துகொண்டு இல்லையெண்டு சொன்னனீங்கள்!"

"ஈரல் வருத்தமெண்டால் குடிகாரனெண்டுதானே சனம் கதைக்கும். அப்ப மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தனான்."

"இது குடியாலை வாறதில்லை. எங்கடை உடம்பே ஈரலுக்கை இருக்கிற அந்தக் குழாயை அழிக்குதாம். சகோதரங்களுக்கு, பிள்ளையளுக்கு வரச் சாத்தியம் கூடவாம். அவளுக்குச் சொன்னனீங்களோ?"

அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவளுக்கும் இப்ப மேல் கடிக்குதாம், அண்ணை. போன கிழமை எனக்குச் சொன்னவள்."

பிறகு அவள் தன் போனில் இலக்கத்தை அழுத்தி அவருடைய கையில் திணித்தாள்.

"பிள்ளை," என்றார் அவர், "அப்பா கதைக்கிறன்."