ஏழாம் மாதிரி

தேர்வில் நான் ஒருமுறைகூடக் காப்பி அடித்ததில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

2006-இல் காஞ்சிபுரத்தில் பாதிப்பேர் சிக்குன்குனியா வந்து முட்டியைப் பிடித்தபடி நடந்தார்கள். என் எம்.ஃபில். வழிகாட்டி வரதராஜன் சாருக்கு ஒரு யோசனை. நிலவேம்பின் கசப்புச் சத்தைப் பிரித்தெடுத்து, அசிட்டிக் அன்ஹைட்ரைடு சேர்த்து அதன் அமைப்பைக் கொஞ்சம் மாற்றினால் பாக்டீரியா, வைரஸ் இரண்டும் சாகும். வைரஸைச் சோதிக்க எங்கள் கல்லூரியில் வசதி இல்லை. அதனால் வைரஸ் விஷயத்தில் நம்பிக்கை மட்டும்.

பாக்டீரியா பரப்பிய தட்டில் மருந்து நனைத்த காகித வில்லையை வைப்போம். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றித் தெளிவாக ஒரு வளையம் விழும். ஆறு மாதிரிகளுக்கு விழவில்லை. ஏழாவது வில்லையில், மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ஆன்டிபயாடிக் கண் சொட்டு மருந்தை ஒரு துளி விட்டேன். இருபத்தாறு மில்லிமீட்டர் வளையம். ஜூலை பதினாலாம் தேதி கல்லூரிக் கருத்தரங்கில் சார் இந்த வளையத்தைப் பற்றிப் பேசி முடித்ததும் எழுந்து விஷயத்தைச் சொல்வதாகத் திட்டம். நகைச்சுவைக்கு நேரம் முக்கியம்.

ஜூனில் கருட சேவை. சர்க்கரை நோயை வைத்துக்கொண்டு சார் வெறுங்காலோடு பெருமாள் பின்னால் போனார். தார் ரோடு. உள்ளங்காலில் கொப்புளம், அப்புறம் புண். டாக்டரிடம் போகாமல் ஏழாம் மாதிரியைக் களிம்பில் குழைத்துத் தடவினார். தினமும் கட்டுப் போட்டது நான்.

"இன்னா விமலு, கருத்துக்கினு வருது. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடட்டா?"

"இன்னொரு வாட்டி தட்டு வச்சுப் பார்த்துடலாம் சார்."

வைத்தேன். இந்த முறை இரண்டு துளி.

"முப்பத்தொண்ணுடா. அப்ப மருந்து மேல தப்பில்ல, என் காலுதான் சரியில்ல" என்று சிரித்தார்.

அவர் மனைவி சம்பூர்ணம் என்னை வாசலில் நிறுத்தினார். "நான் சொன்னா 'நீ இன்னா டாக்டரா'ன்றாரு. நீ சொன்னா கேப்பாருப்பா. இட்டுக்கினு போ."

"பதினாலாம் தேதி வரைக்கும் பொறுங்கமா" என்றேன்.

புண் வாடை அடிக்கத் தொடங்கியதும் கட்டை இன்னும் இறுக்கிப் போட்டேன். குளிர் காய்ச்சல் வந்தது. "சிக்குன்குனியாவா இருக்கும் சார், ஊரே படுத்துக்கினு இருக்குது" என்றேன். நம்பும்படிதான் இருந்தது. பதினோராம் தேதி நினைவு தப்பிய பிறகு ஆம்புலன்ஸ் வந்தது. மறுநாள் இறந்துவிட்டார்.

தெரிந்தே செய்தாயா என்கிறீர்கள். மாதிரியில் சத்து எதுவும் இல்லை என்று தெரியும். கால் அழுகுவது தெரியும். ஒரு வாக்கியம் சொன்னால் அவர் பிழைப்பார் என்பதும் தெரியும். ஆனால் அதை அப்போதே சொல்லிவிட்டால் கருத்தரங்கில் சொல்வதற்கு என்ன இருக்கும்?

கருத்தரங்கையும் ரத்து செய்துவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தம்தான். சார் ரசனையுள்ள மனிதர். இருந்திருந்தால் முதலில் சிரித்திருப்பவர் அவர்தான்.