அறையில் கதைத்தது

ஜான்-டலோன் சந்தையில் வாங்கிய மரக்கறிப் பைகளோடு இரண்டு பேர் மெட்ரோவில் எனக்கு எதிரே இருந்தார்கள். மூத்தவர் சொன்னார்:

“மொஸ்கோவில என்னைக் காட்டிக்குடுத்தவன் இப்ப இஞ்ச, லாசால் பக்கம் இருக்கிறான்.”

“ஆர் அண்ணை?”

“என்னோட ஒரே அறையில இருந்து படிச்ச ரஷ்யன். நான் கதைச்சதெல்லாத்தையும் அரசாங்கத்துக்குச் சொல்லிப்போட்டான். படிப்பு முடியமுந்தி என்னைத் திருப்பி அனுப்பிட்டாங்கள். நேற்று போன் எடுத்து, என்னைத் தன்ர வீட்டை சாப்பிட வரட்டாம்.”

“போறீங்களோ?”

“அவன் கூப்பிடுறது மன்னிப்புக் கேக்கவோ, என்னட்ட இன்னும் ஏதும் அறியவோ, ஆருக்குத் தெரியும்?”

“அவனையும் வெருட்டியிருப்பாங்கள் அண்ணை.”

“ஓம். அதுவும் நினைச்சனான்.”

“அப்பிடி என்னதான் கதைச்சனீங்கள்?”

மூத்தவர் மெட்ரோப் பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“அதை ஏன் நீர் கேக்கிறீர்?”